புனுகு பூசாமப் போன புருசன்

ஒரே ஒரு மலையாம், மலைக்குக் கீழே ஒரே ஒரு ஊராம், ஊருக்குப் பேரு ஊதப்பாறையாம். எந்நேரமும் காத்துதான். உலைமூடி பறக்கும், கூரைத் தழை பறக்கும், பேசுற பேச்சே பாதி பறந்து போயிரும், அப்படி ஒரு காத்து. அந்த ஊர்ல குருவம்மான்னு ஒருத்தி இருந்தாளாம். அவளுக்கு ஒரே ஒரு தம்பி, பேரு மூக்கன்.

சிரிக்காதீங்க. குருவம்மாவுக்குப் பெறகு பொறந்த புள்ளைக ஒண்ணும் தங்கலை. இவனாவது தங்கணும்னு மூக்கைக் குத்தி மூக்கன்னு பேரு வச்சாங்க. பேரு வச்ச நேரமோ என்னவோ, அவனுக்கு அப்படி ஒரு மூக்கு. அடுத்த தெருவுல கருவாடு சுட்டா எந்த மீனுன்னு சொல்லுவான். வானம் வெளுப்பா இருக்கையிலேயே, "மழை வருது, காயப்போட்டதை அள்ளுங்க"ம்பான். அள்ளி முடிக்கவும் மழை கொட்டும்.

ஆத்தாளும் அப்பனும் காய்ச்சல்ல போய்ச் சேந்ததும் அக்காதான் அவனுக்கு எல்லாம். ரெண்டு பேரும் சேந்துதான் மலைக்கு வேட்டைக்குப் போவாங்க. வில்லு அவன் கையில, சாம்பல் முடிச்சு அவ கையில.

சாம்பல் எதுக்குன்னுதானே கேக்குறீங்க? சொல்றேன் கேளுங்க. மரத்துக்குப் பின்னால நின்னா மானோட கண்ணை ஏமாத்திரலாம், மூச்சை அடக்கிக்கிட்டா மானோட காதை ஏமாத்திரலாம், ஆனா மூக்கை ஏமாத்த முடியாது. காத்து நம்ம முதுகுல அடிச்சுதுன்னு வைங்க, நம்ம வாடையைத் தூக்கிக்கிட்டு நமக்கு முன்னால ஓடிப்போய் மான்கிட்ட கோள் சொல்லிரும். காத்து நம்ம மூஞ்சியில அடிச்சா நம்ம வாடை அதுகிட்டப் போகாது. அதுக்குத்தான் குருவம்மா அடுப்புச் சாம்பலைச் சலிச்சு முந்தியில முடிஞ்சுக்குவா. போற வழியெல்லாம் ஒரு சிட்டிகை எடுத்து உதிர்ப்பா. சாம்பல் எந்தப் பக்கம் சாயுதோ அந்தப் பக்கம் காத்து போகுதுன்னு அர்த்தம்.

அந்த மலைக்காத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. விடியக்காலம் குளிர்ல மேல இருந்து கீழே எறங்கும். வெயில் விழுந்து பாறை சுட்டதும் அப்படியே திரும்பிக் கீழே இருந்து மேலே ஏறும். அதனால விடியக்கால வேட்டைன்னா கீழே இருந்துதான் மேலே போகணும், வெயில் வர்றதுக்குள்ள வேலையை முடிக்கணும். தலையில எண்ணெய் கூடாது, மூஞ்சியில மஞ்சள் கூடாது, வாயில வெத்தலை கூடாது. ஓடையில முங்கி எந்திரிச்சு, நொச்சித் தழையை அரைச்சு உடம்பெல்லாம் தேச்சுக்கிட்டுத்தான் கெளம்பணும். சினை மானைத் தொடமாட்டாங்க, குட்டி வச்ச மானைத் தொடமாட்டாங்க. அடிச்ச மான் ஊருக்கே பங்கு.

இப்படி இருக்கையில குருவம்மாவைப் பொண்ணு கேட்டு ஒருத்தன் வந்தான். அவன் பேரு சங்கிலி. அந்த நாட்டு ராசாவுக்கு மலைக்காவல்காரன். தலையில பட்டு உருமா, கால்ல குமிழ் வச்ச செருப்பு, உதட்டுக்கு மேல ஒரு மீசை, அதை முறுக்கவே ஒரு பொழுது வேணும். உடம்பெல்லாம் புனுகு வாசனை. அவன் வர்றதுக்கு முன்னால அவன் புனுகு வந்துரும். கல்யாணம் ஆச்சு, குடித்தனம் ஆச்சு, நல்லாத்தான் இருந்தாங்க. குருவம்மாவை அவன் ஒரு நாளும் கை நீட்டி அடிச்சதில்லை, ஒரு வார்த்தை கடிஞ்சு பேசினதில்லை. அதையும் சொல்லணும் இல்லையா? மூக்கன் அக்கா வீட்டுத் திண்ணையெல்லாம் தேடி உக்கார மாட்டான், நேரா அடுப்படிக்கே வந்து, "அக்கா, மச்சான் ஊர் எல்லைக்கு வந்தாச்சு, உலையை எறக்கு"ம்பான். எட்டிப் பாத்தா ஆளே தெரியாது. அவ சோத்தை வடிச்சு முடிக்கவும் சங்கிலி வாசல்ல செருப்பைக் கழட்டுவான். அதைச் சொல்லிச் சொல்லி மூணு பேரும் சிரிப்பாங்க.

அப்பத்தான் மலையில இருந்து ஒரு மிளா எறங்க ஆரம்பிச்சுது. மிளான்னா கடமான், குதிரை உயரம் நிக்கும். இதோட கொம்பைப் பாத்தா பட்டுப்போன மரம் ஒண்ணு நடந்து வர்ற மாதிரி இருக்கும். அது ராசாவோட தினைக்காட்டுல எறங்கித் தின்னது பாதி, மிதிச்சது பாதின்னு நாசம் பண்ணுச்சு. ராசா சங்கிலியைக் கூப்பிட்டு, "என்னய்யா காவல் பாக்குறே, அதை அடிச்சுக் கொண்டா" அப்படின்னாரு.

சங்கிலி முதல்ல தப்பு தாரையெல்லாம் முழக்கி ஊர்க்கூட்டத்தையே கூட்டிக்கிட்டுப் போனான். மிளா தலையைத் தூக்குச்சு, மூக்கை விரிச்சுது, "ப்போங்!"னு ஒரு சத்தம் குடுத்துச்சு, போயே போயிருச்சு. ரெண்டாவது தடவை வேட்டை நாய்களைக் கூட்டிக்கிட்டுப் போனான். மிளா தலையைத் தூக்குச்சு, மூக்கை விரிச்சுது, "ப்போங்!"னுச்சு, போயே போயிருச்சு. மூணாவது தடவை தனியா, பூனை மாதிரிப் பம்மிப் பம்மிப் போனான். போயி என்ன செய்ய? பூசியிருந்தது புனுகு, அடிச்சது முதுகுக் காத்து. அவன் மலை அடிவாரத்துல கால் வைக்கையிலேயே மிளா "ப்போங்!"னுட்டு அடுத்த மலைக்குப் போயிருச்சு.

ராசாவுக்கு வந்துச்சு கோவம். சபையில எல்லாரும் கேக்க, "இனிமே அந்த மிளாவை எவன் அடிச்சுக் கொண்டு வர்றானோ அவனுக்குத்தான் மலைக்காவல், அவனுக்குத்தான் பட்டு உருமா" அப்படின்னுட்டாரு. பக்கத்துல நின்ன ஒரு ஆளு சும்மா இருக்காம, "ராசா, இவன் மச்சினன் மூக்கன் இருக்கான். மான் நினைக்கிறதுக்கு முன்னால அவன் மோந்துருவான்"னு எடுத்துக் குடுத்தான். ராசா சிரிச்சாரு. சபையே சிரிச்சுது. "வீட்டுக்குள்ளேயே ஆளை வச்சுக்கிட்டா நீ நாயும் தப்புமா அலையுறே? அவனை அனுப்பு."

சங்கிலியும் அவங்களோட சேந்து சிரிச்சான். அந்தச் சிரிப்புதான் கெட்ட சிரிப்பு.

வீட்டுக்கு வந்தான். சோத்துல கை வைக்காம, "ஏ குருவு, நீயும் உன் தம்பியும் எப்படித்தான் மானை நெருங்குறீங்க? எனக்கும் சொல்லேன்"னு கேட்டான். குருவம்மாவுக்குச் சந்தோசம் தாங்கலை. இத்தனை நாள் வேட்டைப் பேச்சை எடுத்தா, "பொம்பளைக்கு என்ன தெரியும்"னு எந்திரிச்சுப் போன மனுசன், இன்னைக்குக் கேக்குறாரே! காத்து எப்ப எறங்கும், எப்ப ஏறும், எந்தத் தழையை அரைக்கணும், எங்கெங்க தேய்க்கணும்னு ஒண்ணுவிடாமச் சொன்னாள். அவனும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான்.

அடுத்த நாளு ஒரு மான்தோலைக் கொண்டு வந்து போட்டான். கொம்பு வச்ச தலையோட முழுத்தோலு.

"குருவு, இதுக்கு நாலு மூலையிலேயும் கயிறு வச்சுத் தைச்சுக் குடு. மாப்ள போத்திக்கிட்டுப் படுத்தான்னா மனுச வாடை வெளிய வராது. மிளாவும் இன்னொரு மானுன்னு நெனச்சுக்கிட்டுச் சும்மா மேயும்."

மூக்கன் அதைப் பாத்துட்டு, "எனக்கு எதுக்கு மச்சான் இதெல்லாம்? தழை போதாதா?"ன்னான்.

குருவம்மாதான் சொன்னாள். "ஏலே, மச்சான் ஆசையாக் குடுக்குறாரு, வேண்டாங்காத. காவல் அவரு கையை விட்டுப் போகப் போகுது, அந்த வருத்தத்தைக்கூடக் காட்டாம உனக்கு உதவுறாரே, அந்த மனசு யாருக்கு வரும்?" சொல்லிட்டு, கோணி ஊசியை எடுத்து உக்காந்து, தம்பிக்கு உறுத்தாம இருக்கணும்னு பாத்துப் பாத்து அந்தத் தோலைத் தைச்சாள். தன் கையால தைச்சாள். கேட்டுக்கிட்டீங்களா? தன் கையால.

மூக்கன் வேட்டைக்குக் கெளம்புறதுக்கு முந்தின நாளே சங்கிலி குருவம்மாகிட்டச் சொல்லி வச்சான். "எனக்கு ராசாகிட்ட இருந்து ஆள் வந்துச்சு, விடியக்காலமே அரண்மனைக்குப் போகணும். மாப்ளைக்கு நான் சொன்னேன்னு சொல்லு, இடுக்குப் பள்ளத்துல உவர்மண் நக்க மிளா வரும், ரெண்டு பேரு போனா வாடை கூடும், அவனை மட்டும் அங்க போயிக் கீழ்வாய்ல படுக்கச் சொல்லு."

விடிஞ்சும் விடியாம மூக்கன் மலையேறிப் போனான். சங்கிலியும் போயிட்டான். குருவம்மா எந்திரிச்சுத் தலைக்கு எண்ணெய் வச்சு, மூஞ்சிக்கு மஞ்சள் பூசி, தம்பி செயிச்சு வருவான், ஊரே வாசல்ல நிக்கும்னு வீட்டைக் கூட்ட ஆரம்பிச்சாள்.

கூட்டிக்கிட்டே வந்தவ மாடத்துல பாத்தாள். புனுகுச் சிமிழ் இருக்கு. மூடி போட்டது போட்டபடி இருக்கு, தொடவே இல்லை. 'என்னடா இது, தெருமுனைக்குப் போறதுக்கே பூசுற மனுசன், ராசாவைப் பாக்கப் போறப்போ மறந்துட்டாரே'ன்னு சிரிச்சுக்கிட்டாள்.

கொடியைப் பாத்தாள். பட்டு உருமா தொங்குது. அரண்மனைக்கு வெறுந்தலையாவா போவாரு? சிரிப்பு நின்னு போச்சு.

கொல்லைக்கு வந்தாள். துவைகல்லு மேல பச்சையா ஒரு கறை. தொட்டு மோந்து பாத்தாள். நொச்சித் தழை. அரைச்சுத் தேச்ச தழை. பக்கத்துல ஈரக் கோவணம்.

வெளக்குமாறு கீழ விழுந்துச்சு. வாடையைக் கழுவிக்கிட்டு எவன் போவான்? வேட்டைக்குப் போறவன் போவான். ஓடிப் போயி ஆணியைப் பாத்தாள், வில்லு இல்லை, அம்பு இல்லை. அப்ப அரண்மனைக்குப் போகலை, மலைக்குப் போயிருக்காரு. போறதுன்னா ஏன் பொய் சொல்லணும்? மிளாவுக்காகன்னா தம்பியோட சேந்தே போயிருக்கலாமே? மானுக்கு மறைக்கிறது சரி. தம்பிக்கு ஏன் மறைக்கணும்? அவரு வாடை மலையில அடிச்சா, அது மச்சான்னு கண்டுபிடிக்கிற மூக்கு ஒருத்தனுக்குத்தானே இருக்கு?

பெறகுதான் அந்தத் தோலு அவ கண்ணு முன்னால வந்து நின்னுச்சு. கொம்பு வச்ச தலை, நாலு காலு, முழுத்தோலு. அதைப் போத்திக்கிட்டுப் படுத்திருக்கவனை ஒருத்தன் அம்பெய்ஞ்சு கொன்னா என்ன சொல்லுவான்?

'மானுன்னு நெனச்சேன்'னு சொல்லுவான்.

நான்தானே தைச்சேன், நான்தானே வாங்கிக்கோன்னேன், நான்தானே காத்தையும் தழையையும் சொல்லிக் குடுத்தேன்னு நெஞ்சு அடிச்சுக்குது. ஊர்ல யாரைக் கூப்பிட? கூப்பிட்டுச் சொல்லி வெளங்க வைக்கிறதுக்குள்ள பொழுது ஏறிரும். கையில அகப்பட்டதை எடுத்தாள். அகப்பட்டது அந்தப் புனுகுச் சிமிழு. ஏன் அதை எடுத்தான்னு அவளுக்கே அப்பத் தெரியாது. இடுப்புல சொருகிக்கிட்டு ஓடுனாள். கல்லுல ஓடுனாள், முள்ளுல ஓடுனாள், ஓடைத் தண்ணியில ஓடுனாள்.

ஓடுற வழியெல்லாம் தன்னையே திட்டிக்கிட்டாள். "பாவி நான், தாலி கட்டுன மனுசனை இப்படி நெனைக்கிறேனே. அங்க போனா ஒண்ணும் இருக்காது. தம்பி சிரிப்பான். நான் தலையில அடிச்சுக்கிட்டுத் திரும்பி வருவேன்." அப்படித்தான் இருக்கணும்னு எல்லா சாமியையும் வேண்டிக்கிட்டாள்.

இடுக்குப் பள்ளத்துக்கு ரெண்டு வழி. ரெண்டு பக்கமும் செங்குத்தாப் பாறை, நடுவுல ஒடுக்கமாப் பள்ளம், பள்ளத்து நடுவுல உவர்மண். கீழ்வாய் ஒரு வழி, சுத்திக்கிட்டு ஏறுனா மேல்வாய் ஒரு வழி. வழி பிரியுற இடத்துல ஒரு சூரைப்புதர். அந்தப் புதருக்குள்ள, தழையைப் போட்டு மூடி, ஒரு சோடிச் செருப்பு.

குமிழ் வச்ச செருப்பு.

அப்படியே உக்காந்துட்டாள் குருவம்மா. தினமும் வாசல்ல அவளே எடுத்து வைக்கிற செருப்பு. சத்தம் வராம இருக்கக் கழட்டி வச்சிருக்கான். அதைத் தொடக்கூட அவளுக்குக் கை வரலை. அழுகையும் வரலை, அதான் அதிசயம். எந்திரிச்சாள். மேல்வாய்க்கு ஏறிப் போக நேரமில்லை. கீழ்வாய்ப் பக்கம் நகந்து நகந்து போயி ஒரு பாறைக்குப் பின்னால இருந்து எட்டிப் பாத்தாள்.

முன்னால ஒரு உருண்டைப் பாறை ஓரத்துல மான்தோலு. தோலுக்கு அடியில தம்பி. அதுக்கு அங்கிட்டு உவர்மண்ணுல அந்த மிளா, தலையைக் குனிஞ்சு நக்கிக்கிட்டு நிக்குது. அதுக்கும் மேல, மேல்வாய்ப் பாறை விளிம்புல, ஒரு தழைக்கொத்து. அந்தப் பாறையில ஒரு புல்லுகூட முளைக்காது. தழைக்கொத்து லேசா அசைஞ்சுது. அதுக்குக் கீழே வில்லு. வில்லுல அம்பு. அந்த அம்பு மிளாவைப் பாக்கலை, புள்ளைகளா. மிளாவைத் தாண்டி மான்தோலைப் பாத்துக்கிட்டு இருக்கு.

அவன் கணக்கு அவளுக்கு அப்பத்தான் முழுசா வெளங்குச்சு. மூக்கன் மிளாவை அடிக்கணும், அடிச்சதும் இவன் மூக்கனை அடிக்கணும். அப்புறம் மிளாவும் இவனுக்கு, காவலும் இவனுக்கு, செத்தவன் 'தெரியாம அடிபட்டவன்'.

கத்தலாமா? கத்துனா தம்பி 'அக்கா'ன்னு எந்திரிப்பான். எந்திரிச்சா அம்பு வரும். ஓடலாமா? ஓடுனாலும் தம்பி திரும்புவான், அம்பு வரும். முந்தானையை வாயில அடைச்சுக்கிட்டாள். அப்பத்தான் இடுப்புல சிமிழ் உறுத்துச்சு. இந்த வாடை தம்பி மூக்குல பட்டா போதும். மச்சான் அரண்மனையில இருக்காருன்னு நம்பிக்கிட்டு இருக்கான். மலையில மச்சான் வாடை வந்தா, என்னமோ தப்புன்னு அவனுக்குத் தெரிஞ்சிரும்.

ஆனா காத்து? முந்தியில எப்பவும் முடிஞ்சு வச்சிருக்க சாம்பல்ல ஒரு சிட்டிகை எடுத்து உதிர்த்தாள். சாம்பல் அவ பக்கமே சாய்ஞ்சுது. காத்து மேல இருந்து எறங்குது. இப்பச் சிமிழைத் திறந்தா வாடை ஊருக்குப் போகும், தம்பிக்குப் போகாது.

மூக்கன் தோலுக்கடியில லேசா அசைஞ்சான். வில்லை எடுக்குறான். மிளா ஒரு பக்கமாத் திரும்பி நிக்குது, இன்னும் வாகா நிக்கலை.

ரெண்டாவது சிட்டிகை உதிர்த்தாள். சாம்பல் நேராக் கீழ விழுந்துச்சு. காத்து நின்னு போச்சு. மேல பாத்தாள், பாறை நெத்தியில வெயில். எறங்கி வா தாயி, சீக்கிரம் எறங்கி வான்னு வெயிலைக் கும்பிட்டாள். மிளா ஒரு காலை எடுத்து வச்சுது. நெஞ்சைக் காட்டித் திரும்புது.

மூணாவது சிட்டிகை. சாம்பல் மேல பாத்துச் சாய்ஞ்சுது.

சிமிழைப் பாறையில ஓங்கி ஒரு அடி அடிச்சாள் பாருங்க! அத்தனை புனுகும் பாறையில வழியுது. முந்தானையால வீசு வீசுன்னு வீசுறாள். காத்து அதைத் தூக்கிக்கிட்டுப் பள்ளத்துல ஏறுச்சு. மான்தோலு ஒரு தடவை சிலிர்த்துச்சு. அப்புறம் அசையவே இல்லை. உருண்டைப் பாறைக்குப் பின்னால ஒரு பாதம் மெல்ல நழுவுன மாதிரி இருந்துச்சு, அது நெசமா, இல்லை கண்ணுக்கு அப்படித் தெரிஞ்சுதான்னு அவளுக்குப் புரியலை. மிளா தலையைத் தூக்குச்சு, மூக்கை விரிச்சுது.

மிளா போனாலும் போகட்டும், மூக்கன் தப்பக் கூடாதுன்னு நெனச்சானோ என்னவோ சங்கிலி, அந்த நிமிசம் மேல இருந்து "விர்ர்"னு வந்து மான்தோல்ல குத்துச்சு அம்பு. முதுகு நடுவுல குத்துச்சு.

"தம்பீ!"

மலையே திரும்பக் கத்துச்சு. மிளா "ப்போங்!"னு அலறிக்கிட்டுப் பாய்ஞ்சுது. எந்தப் பக்கம் பாயும்? கீழ இருந்து வருது மனுச வாடை. மேல இருந்து விடிஞ்சதுல இருந்து காத்து எறங்கிக்கிட்டே இருந்துச்சு, அதுல மனுச வாடை ஒரு துளி இல்லை. அப்ப மேல் பக்கம் பத்திரம்னுதானே மானு நெனைக்கும்? மேல்வாயைப் பாத்து ஒரே பாய்ச்சல். அங்க எவன் நிக்கிறான்? பொண்டாட்டி சத்தம் கேட்டு மிரண்டு போயி, விளிம்புல எந்திரிச்சு நின்னு, அடுத்த அம்பை எடுக்கத் தடவிக்கிட்டு இருக்கான் சங்கிலி. ஆள் ஒருத்தன் போறதே கஷ்டம், அப்படி ஒடுக்கமான வழி. மிளா ஒதுங்கவும் இடமில்லை, அவன் ஒதுங்கவும் இடமில்லை. கொம்பால ஒரு தள்ளு, குளம்பால ஒரு மிதி, அவ்வளவுதான். மிளா மேல்வாயைத் தாண்டிப் போயிருச்சு.

குருவம்மா அதை ஒண்ணும் பாக்கலை. அவ மான்தோலுகிட்ட ஓடுனாள். தான் தைச்ச கயிறு, தான் தைச்ச மூலை, நடுவுல நிக்குது அம்பு. தூக்கிப் பாக்கப் பயம். பாக்காம இருக்கவும் முடியலை. கண்ணை மூடிக்கிட்டுத் தோலைப் பிடிச்சு இழுத்தாள்.

வெறும் மண்ணு.

"அக்கா."

உருண்டைப் பாறைக்குப் பின்னால நிக்கிறான் மூக்கன். மூஞ்சி வெளிறிப் போயிக் கெடக்கு. "மச்சான் வாடை வந்துச்சுக்கா. கீழ இருந்து வந்துச்சு. அரண்மனைக்குப் போனவரு இங்க எப்படின்னு எட்டிப் பாக்கத்தான் தோலை விட்டு நகந்தேன்... யாருக்கா அம்பு விட்டது?"

அவ ஓடி வந்து அவன் தலையைத் தடவுறாள், தோளைத் தடவுறாள், முதுகைத் தடவுறாள். அப்பத்தான் மேல இருந்து முனகல் சத்தம் கேட்டுச்சு.

மேல போனாங்க. சங்கிலி தொடை எலும்பு முறிஞ்சு கெடக்கான், ஒரு கை நசுங்கிக் கெடக்கு. நொச்சித் தழையைத் தலையில செருகியிருக்கான். மூக்கனை உயிரோட பாத்ததும் அவன் கண்ணு அப்படியே நிலைகுத்திப் போச்சு.

"மாப்ள... நான் மானுன்னு நெனச்சு..."

மூக்கன் அந்தத் தழையைப் பாத்தான், வில்லைப் பாத்தான், அக்கா மூஞ்சியைப் பாத்தான். அவனுக்கு வெளங்கிப் போச்சு. "மச்சான், மிளா உங்களுக்கு முன்னால நின்னுச்சே. அதை விட்டுட்டு, படுத்துக் கெடந்த மானையா அடிச்சீங்க?"ன்னு மட்டும் கேட்டான்.

சங்கிலி குருவம்மாவைப் பாத்தான். "குருவு, நீ சொன்ன மாதிரித்தானே செஞ்சேன்? ஒரு துளி வாடை இல்லாமத்தானே இருந்தேன்? அது ஏன் என் மேல வந்துச்சு?"

கேள்வியைப் பாருங்க! அவ கூடப் பொறந்தவனைக் கொல்லப் பாத்துட்டு, கட்டுனவகிட்டயே கேக்குறான் பாருங்க கேள்வி!

"வாடை இல்லை. அதனாலதான் வந்துச்சு"ன்னாள் குருவம்மா. "என்னைக்கும் போலப் புனுகு பூசியிருந்தா அந்த மிளா இந்தப் பக்கமே வந்திருக்காது. உங்க காலும் முறிஞ்சிருக்காது."

கொல்ல வந்தவனை மூக்கன் முதுகுல சுமந்துக்கிட்டு மலை எறங்குனான். ஊர்ல கட்டில் போட்டு அரண்மனைக்குத் தூக்கிட்டுப் போனாங்க. ராசா முன்னாலேயும் சங்கிலி அதையேதான் சொன்னான். "மானுன்னு நெனச்சேன் ராசா, தெரியாம நடந்து போச்சு."

ராசா குருவம்மாவைப் பாத்து, "உன் புருசன் எங்க போறேன்னு சொல்லிட்டுப் போனான்?"ன்னு கேட்டாரு.

"நீங்க ஆள் அனுப்புனீங்கன்னு, உங்களைப் பாக்கப் போறேன்னு சொன்னாரு."

"நான் ஆள் அனுப்புனேனா?"ன்னு மந்திரியைப் பாத்தாரு ராசா. மந்திரி இல்லைன்னாரு. "நான் ஆள் அனுப்புனேனா?"ன்னு சேவகனைப் பாத்தாரு. சேவகன் இல்லைன்னான். "நான் ஆள் அனுப்புனேனா?"ன்னு சங்கிலியைப் பாத்தாரு. சங்கிலி கண்ணை மூடிக்கிட்டான்.

அன்னைக்கு அவனைப் பாத்துச் சிரிச்ச சபை இப்பத் தலையைக் குனிஞ்சுக்கிச்சு. ராசா எந்திரிச்சு வந்து, "நான் சிரிச்சதுக்கா இப்படி?"ன்னு கேட்டாரு. அப்புறம் குருவம்மா பக்கம் திரும்புனாரு. "இவன் தலையை வாங்கணும். நீ என்ன சொல்றே தாயி? உன் தம்பி, உன் புருசன், நீதான் சொல்லணும்."

குருவம்மா கட்டிலுகிட்டப் போனாள். கட்டில்ல கெடக்கவனைப் பாத்தாள். ஒரு நாள் கடிஞ்சு பேசாத மனுசன். அந்த மனுசனும் மேல்வாய்ல நின்ன மனுசனும் ஒரே ஆளான்னு அவளுக்கு இன்னும் நம்ப முடியலை.

"தலை வேண்டாம் ராசா. எலும்பு கூடுற வரைக்கும் வைத்தியம் பாருங்க. அப்புறம் அவரு எங்க கண்ணுல படக் கூடாது, இந்த மலைக்காத்து அவரு மேல படக் கூடாது." சொல்லிட்டுத் தாலியைக் கழட்டிக் கட்டில் ஓரமா வச்சுட்டு வெளிய வந்துட்டாள்.

எலும்பு கூடுச்சு, காலு கோணலாத்தான் கூடுச்சு. கோலை ஊனிக்கிட்டு நாட்டை விட்டுப் போனான் சங்கிலி. ஊர் ஊராப் போனான், ஒரு ஊருக்காரனும் அவனை நம்பி ஒரு வேலை குடுக்கலை, ஒரு வீட்டுலேயும் அவனைப் பந்தியில உக்கார வைக்கலை. அந்த மிளாவும் மேல்வாயைத் தாண்டிப் போனது போனதுதான், தினைக்காட்டுப் பக்கம் திரும்பவே இல்லை. ராசா மூக்கனைக் கூப்பிட்டு மலைக்காவலைக் குடுத்தாரு. மூக்கன், "எங்க அக்கா பேருல குடுங்க, நான் கூட நிக்கிறேன்"னான். ராசாவும் சரின்னாரு.

குருவம்மா ரொம்ப நாளைக்கு ஊசியைத் தொடலை. சும்மா இருக்கையில தன் விரலையே திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டு இருப்பாளாம். மூக்கன்தான் கிழிஞ்ச துணியையெல்லாம் கோணல்மாணலாத் தைச்சுப் போட்டுக்குவானாம். ஒரு நாள் அவன் போட்ட தையலைப் பாத்துட்டு, "என்னடா இது, கோழி கிளறுன மாதிரி"ன்னு பிடுங்கித் தைக்க ஆரம்பிச்சாளாம். அன்னைக்குத்தான் அவன் அழுதானாம்.

கூட இருக்கவங்க நல்லாருந்தா பொறுக்காம, சிரிச்சுக்கிட்டே கேடு நெனைக்கக் கூடாது புள்ளைகளா. அவ்வளவுதான் கதை. கதை மலை ஏறிப் போச்சு, தூக்கம் மலை எறங்கி வந்தாச்சு, யாரு முதல்ல கண்ணை மூடுறாங்கன்னு பாப்போம்.